‘வேண்டாம்’ பொத்தான்

முதல் குற்றம்: ‘வாங்கு’ என்ற பொத்தான் பூசணிக்காய் அளவு, ‘வேண்டாம்’ என்ற பொத்தான் கடுகு அளவு.

இரண்டாம் குற்றம்: அந்தக் கடுகைத் தேடிப் பிடித்து அமுக்கினால், ஒரு நாய்க்குட்டி திரைக்கு வந்து, “என்னை விட்டுட்டுப் போறீங்களா?” என்று கண்ணைக் கசக்கும்.

மூன்றாம் குற்றம்: நேற்று இடப்பக்கம் இருந்த ‘வேண்டாம்’, இன்று வலப்பக்கம். பழகிய விரல் பழகிய இடத்தை அமுக்கும். கேட்காத தங்க மாடு, காசைப் பிடுங்கிக்கொண்டு விளையாட்டுத் தொழுவத்தில் வந்து நிற்கும்.

நான்காம் குற்றம், எல்லாவற்றுக்கும் தாய்க் குற்றம்: எதையும் அமுக்காமல் சும்மா இருந்தால், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்.

“சொல்லு, இதையெல்லாம் வரைஞ்சது நீதானே?”

தலைவர் கைப்பேசியை மகளின் மூக்குக்கு நேரே ஆட்டினார். அவர் பஸ் பணிமனைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். மகளுக்கு வீடியோ கேம் கம்பெனியில் திரை வடிவமைக்கும் வேலை.

“நான்தாம்பா. ஆமா, உங்க தொழுவத்துல எத்தனை தங்க மாடு நிக்குது?”

“பேச்சை மாத்தாதே. அது விசாரணைக்காக விளையாடினது.”

“விசாரணை ரொம்ப தூரம் போயிருக்கும் போல.”

“சிரிக்காதே! அந்தக் காலத்து முதலாளி சாட்டையை வெளியில காட்டி அடிச்சான். நீங்க சாட்டைக்கு வர்ணம் பூசி, அவனவன் விரலாலேயே அவனை அடிக்க வைக்கிறீங்க. இன்னிக்குப் பொதுக்குழு. கிளம்பு. நாலு பேர் முன்னால உன்னைக் குற்றவாளியா நிறுத்தறேன்.”

நிறுத்தினார். துண்டறிக்கை படித்தே படிப்பை முடித்தவர். தடியடிக்கு மார்பைக் காட்டியவர், முதுகைக் காட்டாதவர். மகளென்றா பார்ப்பார்? நான்கு குற்றங்களையும் வரிசை மாறாமல் மைக்கில் அடுக்கிவிட்டு, கடைசியில் கர்ஜித்தார்:

“மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவன், திருடன்!”

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் டீ வந்தது. பிடியில்லாத கண்ணாடித் தம்ளர், விளிம்பு தளும்பக் கொதிக்கும் டீ. வரிசை வரிசையாக, ஒருவரைத் தவிர எல்லார் கையிலும் ஏறியது.

அடுத்து, தலைவர் தேர்தல். அந்தப் பதவிதான் அவருக்கு மூச்சு. அது போனால் மறுநாள் காலையில் அவர் வெறும் அப்பா.

செயலாளர் எழுந்து, வருடா வருடம் சொல்வதையே சொன்னார்:

“தலைவரே தொடரட்டும்னு நினைக்கிற தோழர்கள் அப்படியே உட்கார்ந்திருங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்க மட்டும் எழுந்து நில்லுங்க. எழுந்தவங்க பெயரைத் தலைவரே ரெண்டு சாட்சிகள் முன்னால உரக்கப் படிப்பார்.”

எழுவது எப்போதும் ஒரே ஆள்தான். பணிமனையில் லேத் ஓட்டும், கடைசி வரிசைக் கடைசல்காரர். எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்பதால் தலைவர் வைத்த பட்டப்பெயர், முட்டுக்கட்டை. அவருக்கு டீ கிடையாது. அது தலைவரின் வாய்மொழி உத்தரவு. பெயர் படிக்கும்போதும் அந்தப் பட்டப்பெயர்தான், முன்னால் ‘தோழர்’கூடக் கிடையாது. மண்டபம் சிரிக்கும், தலைவர் ஜெயிப்பார்.

குற்றவாளி கையைத் தூக்கினாள்.

“எனக்குப் பேச உரிமை உண்டாப்பா?”

“உண்டு. அந்த உரிமைக்காகத்தான் நான் ஜெயிலுக்கே போனேன்.”

“அப்ப சொல்லுங்க, இங்கே ‘வேண்டாம்’ பொத்தான் எங்கே இருக்கு?”

யாருக்கும் புரியவில்லை.

“சும்மா உட்கார்ந்திருந்தா ‘சரி’. ‘வேண்டாம்’னா, கொதிக்கிற டீயைக் கையில வெச்சுக்கிட்டு எழுந்திரிச்சு, ஊர் சிரிக்கப் பேரையும் கொடுக்கணும். நான் இந்தத் தொழிலைக் கம்பெனியில கத்துக்கலைப்பா. சின்ன வயசுல உங்க மடியில உட்கார்ந்து, பொதுக்குழு பார்த்துக் கத்துக்கிட்டது.”

ஒரு தம்ளர் எங்கோ கிண்ணென்றது.

“ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. வேண்டாம்னா உட்காரட்டும். நீங்க வேணும்னா எழுந்திரிக்கட்டும்.”

தலைவர் மைக்கைப் பார்த்தார். ‘திருடன்’ என்ற சொல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் தோழர்களைப் பத்தி உனக்குத் தெரியாது. எனக்காகத் தீயில குதிப்பாங்க. மாத்துங்கய்யா!”

மாற்றினார்கள்.

தீயில் குதிப்பவர்கள் டீயை ஊதினார்கள். அவரோடு சிறையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர், தம்ளருக்குள் எதையோ தேடினார். செயலாளருக்கு மைக் வயரில் திடீரென்று ஒரு கோளாறு தெரிந்தது.

மகளின் சிரிப்பு போய்விட்டது. மேடையோரம் வந்து கிசுகிசுத்தாள்.

“அப்பா, இது உங்க மேல வெறுப்பு இல்லை. டீயோட சூடு, அவ்வளவுதான்.”

“அப்போ இத்தனை வருஷமும்?”



அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

முட்டுக்கட்டை எழுந்து நின்றார்.

“நீயா!” என்றார் தலைவர். “முறை மாறினது தெரியுமில்ல?”

“தெரியும்யா. எழுந்திரிக்கிறது எனக்கென்ன புதுசா? எனக்குத்தான் நீ டீயே கொடுக்கிறதில்லையே, கை சும்மாதானே இருக்கு.”

“வருஷா வருஷம் என்னை எதிர்ப்பியே!”

“எதிர்க்கிறதுக்கு நீ இருக்கணுமா, இல்லையா?”

யாரும் சிரிக்கவில்லை.

வேறு யாரும் எழவில்லை. பதவி போயிற்று. எழுந்தவர் பெயரைப் படிக்கும் விதி போகவில்லை, அவரே எழுதிய விதி. சாட்சிகள் இருவர் மேடை ஏறினார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். தான் வைத்த பட்டப்பெயரைத் தவிர அந்த மனிதருக்கு வேறு பெயர் அவர் நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருடம் கொடுக்க மனம் வராத ஒரு சொல்லை மட்டும் அதற்கு முன்னால் சேர்த்து, கடைசி வரிசைவரை கேட்கும்படி படித்தார்:

“தோழர் முட்டுக்கட்டை.”