பாடுன புள்ள யாரு

பென்சன் தன் செல்லில் செருகிய ஹெட்செட்டை என் காதில் மாட்டிவிட்டான்.

வாசலில் வேன் பக்கத்தில் நின்று முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாசம் இந்தப் பையன் கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்கு வந்து, எங்கள் கேரட் கழுவுகிற டிரம் ஓடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனான். ஏதோ மெட்டல் பாட்டு ஆல்பமாம். அதில் முதல் பாட்டு இதுதானாம்.

கல்லும் மண்ணும் உருளுகிற சத்தத்தில் என்ன பாட்டு? முதலாளி ஏவிவிட்ட ஆள்தான்.

குப்பம்மாளுக்கும் இப்படித்தான் நடந்தது. உன் பேரன் பேசுறான் என்று முதலாளி அவளிடம் செல்லை நீட்டினார். "சரி சாமி, சரி சாமி" என்றாள். செல் அணைந்து கிடந்தது. மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

எனக்கு முன்னால் இந்த டிரம் சுவிட்சில் நின்றவள் அவள்தான்.

டிரம் வாயில் கையை விட்டுப் பொம்பளைகள் சொத்தைக் கேரட் பொறுக்குவார்கள். யாராவது கத்தினால் உடனே சுவிட்சை அணைக்கணும். நான் அவர்கள் கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

குளிருக்கு எல்லாரும் மூக்கு வரை மப்ளர் சுற்றியிருப்பார்கள். பொன்னுத்தாய் மட்டும் பல் கிடுகிடுக்க வெறும் வாயோடு நிற்பாள். கேட்டால், மூச்சு முட்டுது என்பாள்.

காதில் லேசாக அதிர்வு தட்டியது. அப்போ செல் ஓடுது. திரையில் இங்கிலீஷ் எழுத்து. நான் தமிழையே தலை நரைத்த பிறகு எழுத்துக்கூட்டினவன்.

அதிர்வு நின்றது. பென்சன் ஹெட்செட்டைக் கழற்றினான். அவன் உதட்டையே பார்த்தேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"அருமை தம்பி. பாடுன புள்ள யாரு? என்னா குரலு!"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"இதுல யாருமே பாடலையேண்ணே. வெறும் டிரம் சத்தந்தான்."

விறுவிறுவென்று வாசலுக்குப் போனான். அவன் முதுகுதான் தெரிந்தது. முதலாளி வாயை மப்ளர் மூடியிருந்தது. அவர் தலை ஆடியது. என்னதான் பேசுகிறார்கள்?

என் கை சுவிட்சிலேயே கிடந்தது.

வாசலை ஒட்டி டிரம் பக்கத்தில் நின்ற பொன்னுத்தாய் என் பக்கம் திரும்பினாள். ஈரக் கையை டிரம் வாயில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு மெதுவாக, மெதுவாக அசைந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"பையன் முதலாளிகிட்ட எதுவும் சொல்லலண்ணே. சுவிட்சைப் போடுங்க."