மூன்றாம் எண் பம்பு

கணவர் போன பிறகு குணவதி மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று பையும் கையுமாக அலைந்தாள். கல்யாணத்துக்கு முன்பு மில் வேலைக்குப் போனவள். ஐம்பத்தெட்டு வயதில் யாரையும் கேட்காமல் பைபாஸ் பெட்ரோல் பங்கில் போய் வேலை கேட்டாள்.

"நாள் பூரா நிக்கணுமேம்மா?" என்றார் மேனேஜர்.

"முப்பது வருஷமா அடுப்புக்கு முன்னால உக்காந்தா இருந்தேன்?"

மூன்றாம் நாளே மூத்தவனின் கார் அவள் பம்புக்கு வந்து நின்றது. கண்ணாடி பாதிதான் இறங்கியது.

"ஏறும்மா வண்டில. தெரிஞ்சவங்க பாத்தா என்னைக் காறித் துப்புவாங்க."

அவளுக்குக் கால் கடுத்தது. சம்பளம் வந்தால், பார்த்து வைத்திருக்கும் ஒற்றை அறைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். டேங்க் மூடியைத் திறந்து குழாயைச் செருகினாள்.

"ஜீரோ பாத்துக்கங்க சார்."

"அம்மா!"

பின்னால் ஹாரன் அலறியது.

"எவ்வளவுக்குன்னு சொல்லுங்க. ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விசையில் விரலை வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"ஃபுல்," என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமலே.

குணவதி அழுத்தினாள்.