வேறு கைக்குக் கிளம்பாத வண்டி

"இந்தக் காலத்து ஆளுங்களுக்கு நின்னு ஒரு வார்த்தை கேக்கப் பொறுமை கிடையாது. வந்ததும் வராததுமா நட்டைக் கழட்டத்தான் கை பரபரக்குது!"

புல்லுக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், புல்வெட்டும் டிராக்டரின் மூடியைத் தூக்கி நிறுத்தினார் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடியையே கட்டிப்போட வேண்டிய ஆள் நம் போல்ட்டை எங்கே பத்திரமாக வைக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டார் புல்லுக்காரர்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டிய கொட்டகை அது. கொட்டகையோடு சேர்ந்தாற்போல ஓர் அறை. பதினெட்டு வருஷமாக அவரும் அவர் மனைவியும் குடியிருப்பது அதில்தான். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அவர் செய்யும் புல் வெட்டும் வேலை போனால் அறையும் போகும்.

ஆஸ்பத்திரி மேனேஜரம்மா கொட்டகை வாசலிலேயே நின்று பேசினார்.

"ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. ஸ்டார்ட்டர் மோட்டாரும் மாத்தியாச்சு. அப்பவும் இவர் ஒருத்தர் கைக்குத்தான் கிளம்புது. வாட்ச்மேன் சாவி போட்டா ஒரு முக்கு முக்கிட்டு நின்னுடுது. இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். சரியாகும்னா சரி பண்ணுங்க. ஆகாதுன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு, புல்லு வெட்ட வெளியாளைக் கூப்பிட்டுக்கறேன்."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அரைச் சுற்று சுற்றியது. தொண்டையில் எதுவோ அடைத்ததுபோல 'ஊக்' என்று நின்றது.

"பேட்டரிதான்" என்றார் புல்லுக்காரர் உடனே.

"புது பேட்டரி, பெரியவரே."

"புதுசுன்னு சீட்டு ஒட்டித்தான் விக்கிறான். உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? பிளக்கைப் பாருங்க. இல்லைன்னா பெட்ரோல்ல தண்ணி கலந்திருப்பான். கலக்காதவன் எவன் இருக்கான்?"

"வால்வு கேப், அதான் இடைவெளி, கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன். கிளப்பும்போது உள்ள அமுங்குற காத்தைக் கொஞ்சம் வெளிய விட்டாத்தான் எஞ்சின் லேசா சுத்தும். கேப் அதிகமானா காத்து போக வழியில்லை. ஸ்டார்ட்டர் என்ன பண்ணும், பாவம்? மல்லுக்கட்டும்."

"நல்லாத்தான் கதை சொல்றீங்க."

"அவர்கிட்ட வாயைக் கொடுக்காதீங்க!" அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "காலையில பால் பாக்கெட் போட வந்தவரை, ஓரத்துல ஏன் ஈரம்னு அரை மணி நேரம் விசாரிச்ச மனுஷன்!"

"நீ அடுப்பைப் பாருடி!"

மெக்கானிக் வால்வு மூடியின் நாலு போல்ட்டுகளையும் கழற்றிக் கீழே வரிசையாக வைத்தார். புல்லுக்காரர் மேலே கவிழ்ந்தாற்போல் குனிந்தார். இருந்த வெளிச்சமும் போனது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"என் கண்ணு முன்னாடிதான் வேலை நடக்கணும். போன தடவை வந்தவன் நல்ல வாஷரைச் சுருட்டிட்டுப் போயிட்டான்."

ஆனாலும் ஓரடி தள்ளினார். வலது கை மட்டும் கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

மெக்கானிக் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை விசிறிபோல விரித்து, வால்வு இடுக்கில் செருகினார். ஒன்று போனது. இரண்டு சேர்த்தும் போனது. மூன்று சேர்த்தும் போனது.

"பஸ்ஸே போகும் போலிருக்கே!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து புல்லுக்காரரைப் பார்த்தார். திறந்திருந்த அறைக் கதவையும் பார்த்தார்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"ஏன், கணக்கெடுக்க வந்தீங்களா?"

"சும்மா கேட்டேன். உங்க கைக்கு மட்டும் எப்படிக் கிளம்புது?"

தொழில் ரகசியத்தைப் பிடுங்கப் பார்க்கிறான். புல்லுக்காரர் உதட்டைச் சுழித்தார். "மேல இருக்கிற சக்கரத்தைக் கையால தள்ளணும். இறுக்கம் விட்டு லேசாகிற இடம் ஒண்ணு வரும். அங்க நிறுத்திச் சாவி போடணும். அதெல்லாம் கைக்குத் தெரியணும்."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஸ்பேனர் இரண்டு மூன்று தடவை 'டிங்' என்றது. என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. மூடி ஏறியது. போல்ட் இறுகியது.

"அம்மாவைக் கூப்பிடுங்க."

மேனேஜரம்மா வந்து தானே சாவியைத் திருப்பினார். ஊக்.

"அப்படியேதானே இருக்கு!"

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்மா. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்" என்றார் மெக்கானிக். "ஆனா இதோட குணம் இப்படி. பழகின கைக்குத்தான் மசியும். வேற யாராவது போட்டு முறுக்கினா, இன்னொரு ஸ்டார்ட்டரும் போயிடும்."

புல்லுக்காரர் முன்னால் வந்தார். உள்ளங்கையால் சக்கரத்தை மெல்ல நகர்த்தி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

மேனேஜரம்மா பெருமூச்சு விட்டார். "இது சரியானா வாட்ச்மேனையே வெட்டச் சொல்லிட்டு, உங்களை அனுப்பிடலாம்னு இருந்தேன். சரி, நீங்களே இருங்க."

அவர் போனதும் மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த தடவை அந்த வால்வு நட்டைத் தளர்த்தினா, மேல கொஞ்சம் கரியைத் தடவி விடுங்க, பெரியவரே. சுத்திலும் கருப்பா இருக்கு, அது மட்டும் பளபளங்குது."

அவர் கேட்டைத் தாண்டும்வரை புல்லுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைக்குள்ளிருந்த சின்ன ஸ்பேனரை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இப்படி வாய் கூசாமப் பொய் சொல்ற ஆளை எப்படி நம்புறது?" என்று முணுமுணுத்தபடி அறையை நோக்கி நடந்தார்.