கோணல் தொப்பி

வகுப்புக்குள் காலடி வைத்ததுமே ஓடிஸின் தொப்பியிலிருந்து ஒரு முயல் காது கழன்று கீழே விழுந்தது. அவன் அதை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைக் காதோடு வரிசையில் போய் நின்றான்.

ஹைடிக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவள் மகள் மாரென் தலையில் இருந்தது தொப்பியா தோட்டமா என்று சொல்ல முடியாது. பட்டுத்துணியில் பன்னிரண்டு டூலிப் பூ, நடுவில் ஒரு கூடு, கூட்டுக்குள் மூன்று நீல முட்டை, பட்டனைத் தட்டினால் கூவுகிற குருவி வேறு. கனம் தாங்காமல் குழந்தை கழுத்தைத் திருப்பவே பயந்துகொண்டு நின்றது.

'வசந்த விழாத் தொப்பியைக் குழந்தைகளே செய்ய வேண்டும், பெற்றோர் கை படக் கூடாது' என்று பள்ளியிலிருந்து மூன்று முறை மின்னஞ்சல் வந்திருந்தது. மூன்றையும் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் ஹைடி குருவிக்கு பேட்டரி வாங்கப் போனாள்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு பையன் தலையில் காற்றாடி சுற்றியது, இன்னொருத்தி தலையில் தண்ணீர் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே பதினாறு குட்டித் தலைகளில் வசந்தம் வந்து இறங்கியிருந்தது.

எல்லாம் அந்தக் கடிதத்துக்காக. இந்த மழலையர் வகுப்பு முடிந்ததும், பேர்பெற்ற ஏரிக்கரைப் பள்ளியில் அடுத்த வகுப்புக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருஷத்துக்கு ஒரே ஒரு குழந்தைக்கு வகுப்பு ஆசிரியை மிஸ் லோரெட்டா சிபாரிசுக் கடிதம் கொடுப்பார், அந்தக் குழந்தைக்குக் கதவு தானாகத் திறந்துவிடும். தொப்பிக்கும் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மிஸ் லோரெட்டா சொல்லியிருந்தார். அதனால்தான் மூன்று வாரமாக யாரும் வேறு வேலை பார்க்கவில்லை.

குழந்தைகள் பாடிக்கொண்டே வகுப்பை ஒரு சுற்று வந்தார்கள். மிஸ் லோரெட்டா மாரென் முன்னால் குனிந்தார்.

"இந்தக் கூடு எப்படிடா செஞ்சே?"

"தெரியாது மிஸ். தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

பெற்றோர் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. ஹைடிக்கு முகம் செத்துவிட்டது. தலையில் தண்ணீர் ஓடியவளின் அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள்.

மிஸ் லோரெட்டா ஓடிஸிடம் வந்தார். காகிதத் தட்டை வளைத்துச் செய்த தொப்பி. பசை வழிந்து காய்ந்திருந்தது, ஜிகினா ஒரே பக்கமாகக் கொட்டிக் கிடந்தது, முயலுக்கு ஒரு கண் நெற்றியில் இருந்தது.

"இன்னொரு காது எங்கேப்பா?"

"ஜேபில இருக்கு மிஸ்."

அவர் கண்கள் கலங்கிவிட்டன. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் இந்த வேலை பார்க்கறேன். பெரியவங்க கை பட்டதைத் தூரத்துலயே கண்டுபிடிச்சிடுவேன். இந்தக் கத்தரி போன போக்கைப் பாருங்க. இதுதாங்க குழந்தை! இவங்கப்பா பாலம் கட்டற இன்ஜினியர். நினைச்சிருந்தா பையன் தலையில ஒரு பாலமே கட்டி அனுப்பியிருக்கலாம். கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார், பாருங்க. இந்த வருஷக் கடிதம் ஓடிஸுக்குத்தான்!"

கைதட்டல் எழுந்தது. ஓடிஸின் அப்பா டெஸ்மண்ட் கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணுமே செய்யலைங்க. அவனை அவன் போக்குல விட்டேன், அவ்வளவுதான்."

வலது கையால் எல்லோருக்கும் கை கொடுத்தார். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில், விரல்களில் இருந்த ஜிகினா கன்னத்தில் ஒட்டிப் பளபளத்தது. அன்றைக்கு அந்த அறையில் ஜிகினா ஒட்டாத ஆள் யார்?

ஹைடி மகளைத் தனியே அழைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றினாள். கம்பி அழுத்திய இடத்தில் நெற்றி சிவந்திருந்தது. 'ஒரே ஒரு பூ நான் ஒட்டட்டுமாம்மா' என்று மாரென் கெஞ்சியதும், 'வீணாக்கிடுவே, போ' என்று தான் விரட்டியதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கடிதம் போனதைவிட இதுதான் அதிகமாக வலித்தது.

"அடுத்த தடவை நீயே செய்டா. அம்மா கிட்டயே வர மாட்டேன்."

"கோணலா வந்துட்டா?"

"வரட்டுமே. கோணலா இருந்தாத்தான் அழகு."

பால், முட்டை, சர்க்கரை, கடலை எதுவும் சேர்க்காத மஃபின்கள் மேஜையில் இருந்தன. மாவு மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அங்கே தனியாக நின்று ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்த ஓடிஸ் பக்கத்தில் போய் ஹைடி மண்டியிட்டாள்.

"எவ்வளவு அழகா செஞ்சிருக்கே கண்ணா! அப்பா ஒரு கை கூடக் கொடுக்கலையா?"

ஓடிஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"நான் செஞ்சது ரொம்ப நேரா வந்துடுச்சாம், அதனால அப்பா அதைத் தூக்கிப் போட்டுட்டு இடது கையால இதைச் செஞ்சாரு."