பத்திரமான வண்டி

“இந்த வண்டியில ஒரு உயிர் என்னை நம்பி வருது. எதையும் அரைகுறையா விட்டுடாதீங்க,” என்றார் போட்டோக்காரர்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சிரித்தான். கட்டிலும் அடுப்பும் குளியலறையுமாக ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்தது போன்ற கேரவன் அது. ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் பாட்டு நன்றாகக் கேட்குமா என்றுதான் விசாரிப்பார்கள். பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

“வீட்டம்மாவா சார்?”

போட்டோக்காரர் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

அந்த வெட்கத்துக்காகவே மெக்கானிக் மெனக்கெட்டான். பின் டயர்களின் பக்கவாட்டில் மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. “மேல பட்டன் தேயாம நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ரப்பர் செத்துப்போச்சு” என்று பிடிவாதமாக மாற்ற வைத்தான். கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்த இடத்தில் புதுக் குழாய் போட்டான். கசிந்தால் அலறுகிற கருவியைத் தரையோரமாகப் பொருத்தினான்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். வழக்கமாக, “உங்க கிரீஸ் கதையை ஆரம்பிச்சிட்டீங்களா” என்று எழுந்து போய்விடும் மனைவி, அன்றைக்குக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்டாள்.

“டயரை மாத்தியாச்சா?”

“மாத்தாம விடுவேனா!”

“கேஸு? படுக்கும்போது மூடினா போதுமா?”

“வண்டி ஓடும்போதும் மூடியே இருக்கணும்.”

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. “நாமளும் ஒரு நாள் இப்படிக் கிளம்பணும்டி,” என்றான். வருஷா வருஷம் சொல்வதுதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியை எடுக்க வந்த போட்டோக்காரரிடம் மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான். “புது டயர் சார். கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டையெல்லாம் இன்னொரு தடவை முறுக்கணும். பெட்ரோல் பங்க்ல நிறுத்துவீங்கல்ல, அங்கயே பார்த்துடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் மெக்கானிக்குக் கை வேலையில் ஓடவில்லை. கேமரா பிடிக்கிற ஆள். மறந்து தொலைத்தால் நடுரோட்டில் சக்கரம் கழன்றுகொள்ளுமே! ஸ்பேனரை எடுத்து ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு பின்னாலேயே கிளம்பினான்.

நல்லவேளை, வண்டி பங்கில்தான் நின்றது. போட்டோக்காரர் கடைக்குள் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். கேரவனின் ஜன்னல் திரைகள் மூடியிருந்தன.

உள்ளே இருக்கும் அம்மா பயந்துவிடக் கூடாதே என்று மெக்கானிக் குரல் கொடுத்தான். “நட்டுதாம்மா முறுக்குறேன். வண்டி லேசா ஆடும், பயப்படாதீங்க!”

மண்டி போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் ஸ்பேனரில் இறக்கி, ஒவ்வொன்றாக முறுக்கினான். சட்டை நனைந்துவிட்டது. இரண்டு நட்டுகள் நிஜமாகவே தளர்ந்திருந்தன. வந்தது நல்லதாகப் போயிற்று என்று நிம்மதியாக நிமிர்ந்தான்.

தலைக்கு மேலே திரை விலகியது. ஜன்னலைத் திறந்துகொண்டு அவனுடைய மனைவி நின்றாள்.

மெக்கானிக் விழுந்துவிடாமலிருக்க, தான் முறுக்கிய சக்கரத்தையே பிடித்துக்கொண்டான்.

“இவன்... இந்தாளு... ஊர்ல எத்தனை ஷெட் இருக்கு! என்கிட்டயா கொண்டுவந்து விட்டான்?”

அவள் குரல் பிசிறவே இல்லை.

“உங்க கை பட்ட வண்டின்னாதான் வருவேன்னு சொல்லியிருந்தேன்.”