சாகாத கெண்டைகள்

சாயப்பட்டறைக்குக் கீழே மொண்ட ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, அதில் சில கெண்டைகளை விட்டிருந்தார் மீன் ஆராய்ச்சி அதிகாரி தேவசகாயம். மழைக்காலம் முழுக்க ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் நல்லது என்று சர்க்காருக்கு எழுதிவிட்டார். அந்த எழுத்தை நம்பி ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள்.

குழாயைத் திறக்க மந்திரி வருகிற அன்று காலை, தொட்டியைப் பார்க்க வந்த தேவசகாயம் வாசலிலேயே நின்றுவிட்டார். பியூன் மாசானம் மல்லாந்து மிதந்த மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். காலடியில் இருந்த வாளிக்குள் குளத்துக் கெண்டைகள் துள்ளின.

“என்னலே பண்ணுத?”

“போன வருசம் வேற தொட்டியில ஒரு மீனு செத்ததுக்கு எம்மேலதான சார் மெமோ போட்டிய? சர்க்கார் மீன கவனிக்காம கொன்னுட்டேன்னு? அதுலேர்ந்து சாகச் சாக மாத்திருதேன்.”

தேவசகாயம் தொட்டியையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். சர்க்காருக்குப் போன எழுத்து திரும்பி வருமா?

மத்தியானம் மந்திரி தொட்டியின் முன் குனிந்து, “இந்தத் தண்ணியிலயா இப்படித் துள்ளுது!” என்று வியந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தேவசகாயமும் தட்டினார். அப்போது தொட்டியின் மூலையில் ஒரு கெண்டை மெல்ல ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் இரண்டடி நகர்ந்து அதை உடம்பால் மறைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்துக்கு அப்பால் நின்ற மாசானத்தை ஒரு பார்வை பார்த்தார்.

மாசானம் வாளியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தான்.