முதல் பட்டன்

அறுபத்திரண்டாவது போனைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். மற்றவை நேற்றே முடிந்திருந்தன. இதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.

கொள்முதல் பிரிவு, சன்னலோரம். 214.

நான்கு மாதம் முன்பு இறக்கும்வரை தண்டபாணியின் மேசை. அவள் கணவர். திங்கள்கிழமை முதல் எட்வின் என்று ஒருவர் வருகிறார்.

இனி யாரும் மேசை மேசையாகப் போய்ப் போனில் பெயர் அடிக்க வேண்டியதில்லை. சர்வரில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு கோப்பு எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுக் கோப்பு. போன் அணைந்து எழும்போது, தன்னிடம் இருப்பதை அழித்துவிட்டு சர்வர் சொல்வதை வாங்கிக்கொள்ளும்.

போனை நிமிர்த்தினாள்.

திரையில், முதல் பட்டனுக்கு நேராக, ஆங்கில எழுத்துகளில் ‘வீடு’ என்று இருந்தது. அவர் அடித்து வைத்தது.

அழுத்தினால் அவள் மேசையில் மணி அடிக்கும். நடுவில் நாற்பது அடிகூட இருக்காது.

தினமும் ஒரு மணிக்கு அடிக்கும். ஒரே ஒரு முறை. எடுக்கக் கூடாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

இப்போதெல்லாம் அவள் சாப்பிட மூன்றாகிவிடுகிறது. சில நாள் டப்பா திறக்காமலே திரும்பிப் போகும்.

இருக்கைக்கு வந்தாள். 214 என்ற எண்ணுக்கு எட்வின் என்று பெயர் மாற்றினாள்.



பிறகு அந்த ‘வீடு’ பட்டனுக்கும் ஒரு வரி எழுதிச் சேமித்தாள். எட்வின் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் போன்களையும் ஒருசேர அணைத்து எழுப்பினாள்.

மூன்று நிமிடத்தில் அவள் போன் அடித்தது. வரவேற்பிலிருந்து மேகலா.

“மேடம், என்ற போன்ல வீடுன்னு ஒரு பட்டன் வந்திருக்குதுங்க. அமுக்குனா உங்களுக்கு வருது. சாயங்காலம் எல்லாருமா உங்கூட்டுக்கே வந்துரட்டுங்களா?”

சிரித்த மேகலா சட்டென்று நிறுத்தினாள்.

“சாரிங்க மேடம்.”

அடுத்து ஸ்டோர்ஸ். அடுத்து டிஸ்பாட்ச். “இல்லீங்க, சும்மா அமுக்கிப் பாத்தேன்.”

கணினித் திரையைப் பார்த்தாள். இரண்டு கோப்புகளும் அருகருகே திறந்திருந்தன. பெயர் 214-இன் கோப்பில் சரியாக இருந்தது. அந்த ஒரு வரி பொதுக் கோப்பில் போய் உட்கார்ந்திருந்தது.

பதினாறு வருடத்தில் இப்படி ஒரு தப்பு அவள் செய்ததில்லை.

அவளுடைய போனிலும் வந்திருந்தது. முதல் பட்டன். வீடு.

அழுத்தினாள்.

தன் எண்ணுக்குத் தானே போட்ட அழைப்பு. எங்கேஜ்டு டோன் வந்தது. அது தானாக ஓயும்வரை கேட்டாள்.

பொதுக் கோப்பிலிருந்து வரியை வெட்டி எடுத்தாள். 214-இன் கோப்பைத் திறந்தாள். மூடினாள். தன் போனின் கோப்பைத் திறந்து அதில் ஒட்டினாள்.

மறுபடி எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினாள். அவளுடையது தவிர மற்ற அறுபத்தொரு போன்களிலிருந்தும் அந்தப் பட்டன் போனது.

மணி ஒன்று.

பட்டனை அழுத்தினாள். டோன் ஒரு முறை வந்ததும் வைத்தாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள்.